அமலியின் விண்ணப்பத்தில் நான் அடித்த பத்தி

1

இந்தக் கதை நான் செய்த ஒரு தவறான திருத்தத்திலிருந்து வந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் எங்காவது நான் புத்திசாலிபோலத் தெரிந்தால் நம்பவேண்டாம்.

கோல் மார்க்கெட் பக்கம், பழைய அரசுக் குடியிருப்பில், எங்களுக்கு மேல்வீடு அமலியுடையது. நாகர்கோவில்காரர். வயது நாற்பத்து நான்கு. தில்லியில் ஒரு பெரிய மருத்துவமனையின் எலும்பு வார்டில் இருபத்தோரு ஆண்டுகளாக நர்ஸ். உளவியல் ஆலோசனையில் முதுகலை படிக்க, வார இறுதி வகுப்புக்கு விண்ணப்பம் போட முடிவுசெய்தார். ஏன் இந்தப் படிப்பு என்று ஐந்நூறு சொற்களில் ஒரு கட்டுரை கேட்டிருந்தார்கள். முப்பது வருடம் பத்திரிகையில் பிறர் எழுத்தைத் திருத்தியவன் கீழ்வீட்டில் இருந்ததால், அது என்னிடம் வந்தது.

2

எப்படித் தொடங்குவது?

மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில் அமலி — (மழை இல்லை. மே மாதம். கூலரில் தண்ணீர்கூட இல்லை.)

சிறுவயதிலேயே துயரத்தை அறிந்த அமலி — (இதுவும் இல்லை. ஆனால் விண்ணப்பக் கட்டுரைக்கு நான் இப்படித்தான் ஒரு தொடக்கம் எழுதிக் கொடுத்தேன். அதில் ஒரு சிறுவயது இழப்பும் தேவையான அளவு கண்ணீரும் இருந்தன.)

அமலி வாசித்து முடித்துவிட்டுக் கேட்டார்.

"அண்ணே, இந்த அழுக யாருக்கு உள்ளது?"

"உங்களோடதுதான். கொஞ்சம் மனசத் தொடணும்ல."

"எனக்க அப்பா நல்லா சோறு தின்னுட்டு கடையில இருக்காரு. நான் எப்ப அழுதேன்?"

கல்லூரியில் படிக்கும் மகள் ரூபி மடிக்கணினியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அங்கிள், எல்லாரும் சோகக் கதைதான் போடுவாங்க. மம்மிக்கிட்ட ஸ்டாக்கே இல்ல."

3

அமலி தானே எழுதியிருந்ததைத் தமிழில் சுருக்கித் தருகிறேன். ஷிப்ட் மாறும்போது ஒரு நர்ஸ் அடுத்த நர்ஸிடம் படுக்கை படுக்கையாகச் சொல்லி ஒப்படைப்பார் அல்லவா, அந்தத் தொனியில் இருந்தது அது.

"பதினான்காம் படுக்கை. வயது இருபத்து மூன்று. பைக் விபத்து. வலது கால் முழங்காலுக்குக் கீழே எடுக்கப்பட்டது. முதல் நாள், எல்லாம் சரியாகிவிடும் என்று அவரிடம் சொன்னேன். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். இரண்டு நாள் சாப்பிடவில்லை. தவறு என்னுடையது. மூன்றாம் நாள் டியூட்டி முடியும்போது அவரிடமே கேட்டேன்: உங்களைப் பற்றி அடுத்த நர்ஸிடம் என்ன சொல்லட்டும்? சரியாகிவிடும் என்று யாரும் சொல்லவேண்டாம் என்றார். அதை அப்படியே நோட்டில் எழுதினேன். அடுத்த ஷிப்டில் யாரும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் ரொட்டி கேட்டார். கேள்வி ஏன் வேலை செய்தது என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளத்தான் படிக்க விரும்புகிறேன்."

இந்தப் பத்தி முழுவதையும் நான் வேண்டாம் என்று அடித்தேன். சேர்க்கைக் குழுவிடம் போய் யாராவது தன் தவறைச் சொல்வார்களா?*

* முப்பது வருட அனுபவம் சில சமயம் இப்படித்தான் பேசும்.

4

விண்ணப்பம் அனுப்பக் கடைசி நாள். அமலி காலை டியூட்டி முடித்து வந்து இன்னும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. மடிக்கணினித் திரையில் ஒருபக்கம் என் பிரதி, மறுபக்கம் அவருடையது.

"மம்மி, ஜல்தி. அஞ்சு மணிக்கு போர்ட்டல் பந்த், அப்புறம் அனுப்ப முடியாது."

அமலி நான் அடித்த பத்தியைத் திரும்ப ஒட்டினார். நான் எழுதிய கண்ணீரை எடுத்தார்.

"யோசிச்சுச் செய்ங்க அமலி. இதுக்காகவே தள்ளிடுவாங்க."

"தள்ளட்டும் அண்ணே. வார்டுல தப்ப மறைச்சு நோட்டு எழுதுனா அடுத்து வாறவளுக்கு என்ன தெரியும்? நீங்க எழுதுனத வச்சு சீட்டு கிடச்சா, வகுப்புல போய் உக்காருதது யாரு?"

நான் கை நீட்டி என் பிரதியை — (மூடினேன். இந்த வாக்கியத்தை இதற்குமேல் நீட்ட முடியாது.)

ரூபி பொத்தானை அழுத்தினாள். "அச்சா. போயாச்சு."

5

நேர்காணலுக்கு அழைத்தார்கள். வெளியே காத்திருந்தவர்களில் பாதிப்பேர் ரூபி வயது. பக்கத்தில் இருந்த பெண் மரியாதையாகக் கேட்டிருக்கிறாள்: "ஆன்ட்டி, உங்க பொண்ணு உள்ளயா இருக்கா?"

"இல்ல மக்கா, அவ வீட்டுல இருக்கா. உள்ள போகப் போறது நான்."

குழுவின் தலைவர் பேராசிரியர் இந்திராணி. (அவரைக் கடுகடுப்பானவராக எழுதியிருந்தேன். "அவங்க நல்லாத்தான் கேட்டாங்க" என்று அமலி மாற்றச் சொன்னார். மாற்றிவிட்டேன்.) அவர் கையில் இருந்த தாளில் பதினான்காம் படுக்கைப் பத்திக்குக் கீழே மட்டும் கோடு போட்டிருந்தது.

"இதில் சரியாக நடந்துகொண்டது நோயாளிதானே? நீங்கள் என்ன செய்தீர்கள்?"

"முதல்ல தப்பா பேசுனேன் மேடம். பொறவு வாய மூடிட்டு, அவரு சொன்னத எழுதுனேன். மத்தவங்களும் அதக் கேக்கும்படி பாத்துக்கிட்டேன்."

பேராசிரியர் பேனாவைக் கீழே வைத்தாராம். அதற்கு என்ன பொருள் என்று அமலியைப் பலமுறை கேட்டுவிட்டேன். "பேனாவ வச்சாங்க, அவ்வளவுதான்" என்கிறார்.

6

இந்தக் கதைக்கு இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் தேர்வானவர்கள் பட்டியலில் அமலியின் பெயர் ஒன்பதாவதாக இருந்தது. மற்றொன்றில் இல்லை, அடுத்த ஆண்டுக்கான தேதியை நாட்காட்டியில் குறித்துக்கொண்டார். இரண்டையும் அமலியை மாடிப்படியில் நிறுத்திப் படிக்கக் கொடுத்தேன்.

"ரெண்டுலயும் நான் பட்டியலப் பாத்துக்கிட்டே நிக்கேன். நான் எங்க நின்னேன்? நேத்தே மேட்ரன்கிட்ட போயிட்டேன்."

"எதுக்கு?"

"சனி, ஞாயிறு டியூட்டி வேண்டாம், வகுப்பு உண்டுன்னு எழுதிக் குடுத்தேன். லிஸ்ட் வந்துட்டான்னு கேட்டாங்க. வரலன்னேன். கையெழுத்துப் போட்டுட்டாங்க."

பட்டியல் வெள்ளிக்கிழமை வருகிறது. அதில் அமலியின் பெயரை எங்கே வைப்பது, வைப்பதா வேண்டாமா என்பதை உங்களிடம் விடுகிறேன். சனிக்கிழமை டியூட்டிப் பட்டியலை மட்டும் தொடாதீர்கள். அதில் அவர் பெயர் இல்லை.