பொதுப்பெட்டிச் சாமான்

சுந்தரம்மாள் வகுப்பு வாசலோடு நின்றுகொண்டாள். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை. மகள் சின்னத்தாய் இறந்து பதினேழு நாள் ஆகியிருந்தது. முந்தானைக்குள்ளிருந்து ஒரு பவுடர் டப்பாவை எடுத்து ஸ்வர்ணா டீச்சர் கையில் வைத்தாள்.

“வீட்டக் கழுவயில கெடச்சுச்சு டீச்சர். பள்ளிக்கூடத்துச் சாமான், எங்களுக்கு வேணாம். பின்சுவரு பூராம் படமா கிறுக்கி வச்சிருக்கா. வெள்ளையடிக்கணும்ங்கறாக அவுக அப்பா. எனக்குத்தான் மனசு வரல.”

களையெடுக்க நேரமாகிவிட்டதென்று போய்விட்டாள். ஸ்வர்ணா டப்பாவைக் கவிழ்த்து, வீட்டில் பேசும் சௌராஷ்டிர மொழியில் வாய்க்குள் எண்ணினாள். பதினொரு கலர் பென்சில்கள். ஒவ்வொன்றின் அடியிலும், மூன்றாம் வகுப்புக்கு அடையாளமாக அவளே பிளேடால் சீவி எழுதிய ‘3’ இருந்தது.

மதுரையிலிருந்து இரண்டு பஸ் மாறி, உசிலம்பட்டிக்கு மேற்கே இருந்த அந்தப் பள்ளிக்கு வந்துபோகிறவள் ஸ்வர்ணா. மூன்றாம் வகுப்பில் பாதிப் பிள்ளைகளிடம் பென்சில் கிடையாது என்பதால், ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து பொதுப்பெட்டியாக்கினாள். பென்சில், கலர் பென்சில், பாதியாய் நறுக்கிய ரப்பர், நான்கு கத்தரிக்கோல் எல்லாம் அதில் இருந்தன. வேண்டியதை எடுக்கலாம், சாயங்கால மணிக்கு முன் திரும்ப வைத்துவிட வேண்டும். வாரத்துக்கு ஒரு பிள்ளை பொறுப்பு.

ஐப்பசியில் ஒரே வாரத்தில் கலர் பென்சில்கள் ஒவ்வொன்றாய்க் காணாமல் போயின. அந்த வாரம் பெட்டி பவதாரிணியிடம் இருந்தது. மூன்று தடவை கேட்டும் அவள் வாய் திறக்கவில்லை. அந்த மௌனத்தையே ஸ்வர்ணா ஒப்புதலாக எடுத்துக்கொண்டாள். ஸ்கேலால் உள்ளங்கையில் அடித்தாள். எல்லோர் முன்னிலையிலும் பையைக் கவிழ்த்தபோது அட்டை கிழிந்த புத்தகமும் ஒரு கை வேர்க்கடலையும்தான் விழுந்தன. மறுநாளிலிருந்து பிள்ளைகள் அவளைக் ‘களவாணி’ என்றார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த சின்னத்தாய் அன்று தலை நிமிரவே இல்லை. அடுத்த வாரம் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. நாலாம் நாள் போய்விட்டாள்.

இப்போதெல்லாம் வருகைப்பதிவு எடுக்கும்போது ஒரு பெயரைத் தாண்ட ஸ்வர்ணாவுக்கு நாக்கு எழுவதில்லை.

மத்தியானச் சாப்பாட்டு நேரம் முழுக்க அந்த பவுடர் டப்பாவைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். உண்மையைச் சொன்னால் செத்துப்போன பிள்ளைக்குக் கெட்ட பெயர். சொல்லாவிட்டால் உயிரோடிருக்கும் பிள்ளைக்கு. மணி அடித்ததும் டப்பாவோடு வகுப்புக்குள் போய் நின்றாள்.

“கலர் பென்சில பவதாரிணி எடுக்கல. நான்தான் வீட்டுக்குக் கொண்டுபோயி மறந்துட்டேன். அவள அடிச்சது என் தப்பு.”

பின்வரிசையிலிருந்து மலைச்சாமி கேட்டான். “அப்ப ஒங்கள யாரு டீச்சர் அடிக்கிறது?”

ஸ்வர்ணா பென்சில்களை ஒவ்வொன்றாய்ப் பொதுப்பெட்டியில் போட்டாள்.

சாயங்காலம் எல்லோரும் போன பிறகும் பவதாரிணி பையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

“ஏன் டீச்சர் பொய் சொன்னீங்க? சின்னத்தாய்தான எடுத்தா. நான் பாத்தேன்.”

“அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?”

“சொன்னா அவளுக்குல்ல அடி விழும்.” சிறுமி தரையைப் பார்த்தாள். “ஆனா அதுக்கப்பறம் நான் அவகூடப் பேசல டீச்சர். தெனம் பின்னாடியே வந்தா. பவா, பவான்னு கூப்புட்டா. நான் திரும்பவே இல்ல.”

ஸ்வர்ணா அவள் தலையைத் தொடக் கையை நீட்டினாள். அடித்த கை என்று நினைவு வந்ததும் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

“இப்பவும் வாரா டீச்சர்,” என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு பவதாரிணி படியிறங்கினாள்.

ஸ்வர்ணா ஜன்னலருகே போய் நின்றாள். பருத்திக்காட்டு வரப்பில் தனியாகப் போய்க்கொண்டிருந்த பிள்ளை, கிணற்று மேட்டருகே நின்றது. திரும்பிப் பார்த்தது. நடக்க முடியாமல் வரும் யாருக்கோ காத்திருப்பதுபோல் வெகுநேரம் நின்றது. பிறகு வரப்பின் ஓரத்துக்கு ஒதுங்கி, மெதுவாக நடக்கத் தொடங்கியது.