இரண்டாமிடத் தயாளினி

நீர்வேலித் தயாளினி ஓடத் தொடங்கிய நாளிலிருந்து இரண்டாவதாகத்தான் வந்துகொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் ஓடியபோதும் இரண்டாவது, மாகாணப் போட்டியிலும் இரண்டாவது. கலியாணமாகி, ஒரு பிள்ளையும் பெற்று, வாழைத் தோட்டத்தில் வேலை செய்து இடுப்பு நோகிற இந்த வயதிலும் அதே இரண்டாவது. முதலாவதாக வருகிறவள் குருநகர் லவீனா. இரண்டாவதுக்குச் சுவர் மணிக்கூடுதான் கொடுப்பார்கள். தயாளினி வீட்டில் ஒரு மணிக்கூடு சொல்லுவதை மற்றது ஒத்துக்கொள்வதில்லை.

இந்த வருசத்தோடு ஓட்டத்தை விடுவதென்று முடிவெடுத்திருந்தாள். முழங்கால் அப்படிச் சொல்லிவிட்டது. விடுவதற்குள் ஒரேயொருக்கால் லவீனாவுக்கு முன்னால் போய்விட வேண்டும். உடுப்பிட்டியிலிருந்து நீர்வேலி வரை பெண்களுக்கு மரதன் ஓட்டம், ஞாயிற்றுக்கிழமை என்று அறிவித்தார்கள்.

வெள்ளிக்கிழமை பார்த்து, புருசன் கோகுலனின் பெரிய மாமா பொன்னம்பலம் சிறுப்பிட்டியில் கண்ணை மூடிவிட்டார். கலியாணம் கட்டாத மனிசன். யாழ்ப்பாணச் சந்தைக்கு வாழைக்குலை கொண்டுபோவதும் பொழுதுபட்டு வருவதுமாகச் சீவியத்தைக் கழித்தவர். பிரேதம் எடுப்பது ஞாயிறு. போகாவிட்டால் சொந்தம் அறுந்துவிடும், போனால் விடிய விடியச் செத்தவீட்டில் இருக்க வேண்டும், ஓட்டம் போய்விடும். தனக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிடும்படி கோகுலனிடம் கெஞ்சினாள். வெறும் காய்ச்சலென்றால் நம்பமாட்டார்கள் என்று அவன் டெங்கு என்றே சொல்லிவைத்தான். ஓட்டம் சிறுப்பிட்டியைத் தாண்டுவது விடியக் காலமை, பிரேதம் எடுப்பது வெயிலேறி. பிடிபட வழியே இல்லை.

ஓட்டத்தைத் தொடக்கிவைக்க வேண்டிய பிரதம விருந்தினர் வெயிலேறித்தான் வந்தார். வந்தவர் பேசவும் பேசினார்.

வல்லை வெளிக் காற்றில் மற்றவர்கள் பின்தங்கிவிட, லவீனாவும் தயாளினியும் மட்டும் முன்னுக்கு ஓடினார்கள். லவீனாவின் முகத்தைவிட முதுகுதான் தயாளினிக்குப் பழக்கம். சிறுப்பிட்டியை நெருங்கப் பறைமேளம் கேட்டது. தெருவை அடைத்துக்கொண்டு பிரேத ஊர்வலம். ஓட்டத்துக்கு வழிகாட்டி வந்தவன் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். லவீனா நின்றாள். தயாளினி அந்த முதுகில் முட்டி நின்றாள்.

பிரேதத்தை முந்தி ஓட ஏலாது. பின்னால் போகவும் ஏலாது. அந்தப் பக்கத்தில் பெண்கள் சுடலைக்குப் போகிற வழக்கமில்லை.

கடைசியில் நடந்த நமசிவாயம், செத்தவரின் தம்பி, திரும்பிப் பார்த்தார். காற்சட்டையும் நெஞ்சில் இலக்கமுமாக டெங்குக்காரி நிற்கிறாள்.

"கோகுலன், உது உன்ரை பெண்சாதியெல்லே?"

பாடைக்குத் தோள் கொடுத்திருந்த கோகுலன் திரும்பினான். பாடையில் கிடந்தவரின் முகம் அவனுடையதைவிடத் தெளிவாக இருந்தது. ஆனால் வாய் அவனைக் கைவிடவில்லை.

"ஓம் மாமா. காய்ச்சலோடை கிடந்தவள். பெரிய மாமான்ரை முகத்தைப் பாக்காமல் இருக்க ஏலாமல் ஓடி வாறாள்."

சனம் உருகிவிட்டது. நீர்வேலியில் படுத்திருந்தவள் உடுப்பிட்டிப் பக்கத்திலிருந்து ஏன் வருகிறாள் என்று ஒருவரும் யோசிக்கவில்லை. நெஞ்சிலிருப்பது ஆசுப்பத்திரி வாட்டு நம்பர் என்று ஒருவர் விளக்கமும் கொடுத்தார். பாடையை இறக்கி வழி விட்டார்கள். தயாளினி விழுந்து அழுதாள். தொடக்கத்தில் நடிப்புத்தான். அழ அழ இத்தனை வருசத்து இரண்டாமிடமும் கிளம்பி வந்து, நிறுத்த முடியாமற் போனது. நமசிவாயமே பயந்து, அழுதது காணும், இதற்கு மேல் பெண்கள் வரக்கூடாது, நேரே வீட்டுக்குப் போ என்று அனுப்பினார். வீடு நேரே நீர்வேலியில். முன்னால் வெறும் தெரு.

அழுதால் வழி விடுகிறார்கள் என்பது மட்டும் லவீனாவுக்கு விளங்கியது. அவளும் பாய்ந்து வந்து பாடையடியில் விழுந்து, "ஐயோ ஐயா, எங்களை விட்டிட்டுப் போறியளோ" என்று குளறினாள். அவளுக்கு முன்பின் தெரியாத பெரியவரெல்லாம் ஐயா. அந்தப் பக்கத்தில் ஐயா என்று கூப்பிடுவது பெற்ற தகப்பனை.

பறை நின்றது.

"பிள்ளை, நீ எவ்விடம்?" என்று நமசிவாயம் கேட்டார்.

"குருநகர்."

யாழ்ப்பாணச் சந்தைக்குக் கிட்டத்தான் குருநகர். அண்ணன் சந்தைக்குப் போய்ப் பொழுதுபட்டு வந்த நாட்களெல்லாம் நமசிவாயத்துக்கு வரிசையாக ஞாபகம் வந்தன. சனம் லவீனாவைச் சூழ்ந்துகொண்டு தாயின் பெயர் கேட்டது, வயது கேட்டது, மூக்கைப் பாடையில் கிடந்தவரின் மூக்கோடு ஒத்துப் பார்த்தது.

தயாளினி ஓடினாள். முன்னால் முதுகில்லாமல் ஓடுவது ஒருமாதிரிப் பயமாக இருந்தது. பாதை தவறிவிட்டதோ என்றுகூட நினைத்தாள். முடிவிடத்தில் குறுக்கே கட்டியிருந்த நாடாவை அவள் இதுவரை முழுசாகக் கண்டதில்லை. யாரோ மறித்துக் கட்டியிருக்கிறார்கள் என்று குனிந்து அடியால் நுழைந்துவிட்டாள். நடுவர்கள் கொஞ்ச நேரம் வாக்குவாதப்பட்டு, முதலாமிடம் அவளுக்குத்தான் என்றார்கள்.

லவீனா மூன்றாவதாக வந்து பக்கத்தில் இருந்தாள். ஏச்சு விழும் என்று தயாளினி கிண்ணத்தை இறுக்கிப் பிடித்தாள்.

"எட்டாம் நாள் எட்டுச்செலவுப் படையலுக்குக் கட்டாயம் வரட்டாம் அக்கா" என்றாள் லவீனா. "உங்கடை மனிசனுக்கு நான்தான் முறை மச்சாளாம். முந்தியே தெரிஞ்சிருந்தால் முதல் என்னைத்தான் பொம்பிளை கேட்டிருப்பமெண்டு அந்தப் பெரியவர் ஒரே அழுகை."

தயாளினி கிண்ணத்தை மடியில் வைத்தாள். பிறகு, எட்டுச்செலவுக்கு எத்தனை மணிக்கு வருவாய் என்று கேட்டாள். அதற்கு முன்னமே தான் போய் நிற்க வேண்டும்.