பன்னிரண்டாவது இடம்

பதினோரு பெயர்களை வாசித்துவிட்டு கபடி கோச் ஜான்சி மேடம் தாளை மடக்கினார். அணிக்குப் பன்னிரண்டு பேர். மிச்சமிருந்த ஒரு இடத்துக்கு இரண்டு பேர் நின்றார்கள். ஒருத்தி வினோதினி. இன்னொருத்தி அவள் கூடப்பிறந்த தங்கச்சி இளமதி.

"ஒருத்திக்கு ஒருத்தி கொறச்சல் இல்ல. நீங்களே ஆடித் தீத்துக்குங்க," என்றார் மேடம். "ஆளுக்கு ஒரு ரைடா மாத்தி மாத்திப் போங்க. தொட்டுட்டுத் திரும்புனா போனவளுக்கு பாயிண்ட், புடிச்சிட்டா புடிச்சவளுக்கு பாயிண்ட். மொதல்ல அஞ்சு எடுக்குறவ ஸ்டேட் மேட்ச்சுக்குத் திண்டுக்கல் போறா. போய்த் தண்ணி குடிச்சிட்டு வாங்க."

கோடைக் கபடி முகாமின் கடைசி நாள் அது. பதினைந்து நாளாகச் சிதம்பரத்தில் ஒரு கல்லூரி மைதானத்தில் நடந்த முகாம், மாவட்ட அணித் தேர்வுக்காக இன்று கடலூருக்கு வந்திருந்தது. அக்னி நட்சத்திர வெயிலில், புவனகிரியிலிருந்து முதல் பஸ் பிடித்துப் போய், உருண்டு புரண்டு முட்டியைத் தேய்த்துக்கொண்டு, ஒரு அவித்த முட்டையும் ஒரு கரண்டி சுண்டலும் தின்றுவிட்டு வந்த பதினைந்து நாட்கள். "லீவுல ஜாலியா கேம்ப் போறீங்களா?" என்று கேட்ட தெருக்காரர்களை ஒரே ஒரு நாள் அந்த மைதானத்தில் இறக்கிவிட வேண்டும் என்று வினோதினிக்கு ஆசை. அவளுக்குப் பதினாறு வயது. இந்த வயதுப் பிரிவில் இது அவளுக்குக் கடைசி வருஷம். இளமதிக்கு இன்னும் ஒரு வருஷம் பாக்கி இருந்தது.

குழாயடியில் அம்மா மாலதி காத்திருந்தாள். ஜவுளிக்கடையில் லீவு சொல்லிவிட்டு, எலுமிச்சைச் சாதம் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். இளமதி அந்தப் பக்கம் முகம் கழுவப் போனதும் பெரியவளின் கையைப் பிடித்தாள்.

"வினோ, நீ பெரியவ. வுட்டுக்குடுத்துடுடி. நீ நல்லா படிக்கிற, பிளஸ் ஒன் போகப்போற. அவளுக்குப் படிப்பும் ஏறல. இதாவது கெடைக்கட்டும்."

"மாட்டேன்."

மாலதிக்குக் காது சரியாகக் கேட்கவில்லை போல. "இன்னா?"

"மாட்டேம்மா."

"ஒரே வயித்துல பொறந்தவடி அவ."

"நானும் அதே வயித்துலதாம்மா பொறந்தேன்."

மாலதி கையை விட்டுவிட்டாள். இப்படி ஒரு பதிலை இந்தப் பெண்ணிடமிருந்து அவள் கேட்டதே இல்லை. கேட்டிருக்க வாய்ப்பும் இல்லை. பதினான்கு மாதம் முன்னால் பிறந்து தொலைத்த குற்றத்துக்காக வினோதினி எதைத்தான் கொடுக்கவில்லை! பஸ்ஸில் ஜன்னலோரம், பண்ருட்டிப் பலாவில் பெரிய சுளை, புது சைக்கிள், டிவி ரிமோட். கொடுக்கும்போது சிரித்த முகமாக வேறு கொடுக்க வேண்டும். முகம் கோணினால் அதற்குத் தனியாக ஒரு பாட்டு விழும்.

ஆனால் இவையெல்லாம் வெளியே தெரிந்து கொடுத்தவை. யாருக்கும் தெரியாமல் கொடுத்தது ஒன்று உண்டு.

வீட்டுக்குப் பின்னால் அறுப்பு முடிந்த வயலில்தான் இருவரும் கபடி பழகினார்கள். வினோதினிக்கு ஒன்பது வயதிருக்கும்போது ஒரு நாள் இளமதியின் இடது கணுக்காலைப் பிடித்துக் குப்புறத் தள்ளிவிட்டாள். உதட்டில் ரத்தம். மாலதி கரண்டியோடு ஓடி வந்து, யார் எவர் என்று கேட்காமல் பெரியவள் முதுகில் நாலு வைத்தாள். அன்றிலிருந்து வினோதினி ஒரு வழி கண்டுபிடித்தாள். தங்கச்சியின் கணுக்காலைப் பிடிப்பாள், பல்லைக் கடிப்பாள், முகத்தைச் சுளிப்பாள். கோட்டை நெருங்கும்போது விரல்களை மெல்லத் தளர்த்திவிடுவாள். இளமதி நடுக்கோட்டைத் தொட்டு, "என் காலை எவளாலும் புடிக்க முடியாது!" என்று வயல் முழுக்கக் கத்துவாள். ஏழு வருஷமாக இதுதான் நடந்தது. யாரும் அழவில்லை, யாரும் அடி வாங்கவில்லை.

சிதம்பரத்தில்தான் சாயம் வெளுக்க ஆரம்பித்தது. பாடிப் போகும் ஒவ்வொரு முறையும் இளமதி இடது காலை எதிராளியின் கைக்குப் பக்கத்தில் தாராளமாக நீட்டினாள். புடி புடி என்று பிடித்தார்கள். "இன்னாடி இது, காலை அர்ச்சனைத் தட்டு மாதிரி நீட்டுற?" என்று ஜான்சி மேடம் திட்டினார். "இந்த ஊரு மண்ணு வழுக்குது மேடம்," என்றாள் இளமதி. வினோதினி பக்கத்தில் நின்று சுண்டல் தின்றுகொண்டிருந்தாள். வழுக்கியது மண் இல்லை என்று அவளுக்குத் தெரியும். அதைச் சொல்லாமல் இன்னொரு வாய் சுண்டலை அள்ளிப் போட்டுக்கொண்டாள்.

கடலூர் மைதானத்தில் விசில் ஒலித்தது.

இளமதி நல்ல ஆட்டக்காரிதான். கை நீளம், பூனை மாதிரி திரும்புவாள். முதல் இரண்டு பாயிண்டை அவள் எடுத்தாள். அடுத்த மூன்றை வினோதினி எடுத்தாள். சுற்றி நின்ற பெண்களில் பாதிப்பேர் அக்கா கட்சி, பாதிப்பேர் தங்கச்சி கட்சி. மாலதி மட்டும் எந்தக் கட்சியிலும் சேராமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். நாலுக்கு நாலு. இளமதியின் ரைடு.

"கபடி கபடி கபடி..."

வந்தாள். வலது பக்கம் போக்குக் காட்டினாள். குனிந்து வினோதினியின் தோளைத் தொட்டாள். திரும்பிப் பாய்ந்தபோது, எப்போதும் போல, இடது கால் பின்னால் நீண்டு கிடந்தது. வினோதினி பாய்ந்து கணுக்காலைப் பிடித்தாள். இளமதி பதறவே இல்லை. இழுக்கக்கூட இல்லை. எப்படியும் கோட்டுக்குப் போய்விடுவோம் என்ற நிம்மதியில் கையை மட்டும் முன்னால் நீட்டினாள்.

அந்தக் கணத்தில் வினோதினியின் விரல்கள் தாமாகவே தளர ஆரம்பித்தன. அவற்றுக்கு அதுதானே பழக்கம்! அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. அம்மா மேல், தங்கச்சி மேல், எல்லாவற்றையும்விட இந்தச் சொல்பேச்சு கேட்கும் விரல்கள் மேல். இரண்டு கையாலும் இறுக்கி, காலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அப்படியே படுத்துவிட்டாள்.

நடுக்கோட்டுக்கு ஒரு சாண் இருக்கும்போது இளமதியின் மூச்சு அறுந்தது. நீண்ட விசில். மேடம் தாளை விரித்துப் பன்னிரண்டாவது பெயரை எழுதினார்.

வினோதினிக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. எழுந்து மண்ணைத் தட்டியபோதுதான் இளமதி இன்னும் உட்கார்ந்தே இருப்பதைப் பார்த்தாள். அழவில்லை. தன் கணுக்காலில் சிவந்திருந்த விரல் தடங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஊட்ல இப்படிப் புடிச்சதே இல்லியே நீ," என்றாள்.

வினோதினி அவள் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தாள்.

"வேணும்னே வுட்டியா?"

"ம்."

"எத்தினி தடவ?"

"எப்பவுமே."

மாலதி ஓடி வந்தாள். "பாத்தியாடி உங்கக்காவ! கொஞ்சம் வுட்டுக்குடுன்னு தலபாடா அடிச்சிக்கிட்டேன்..."

"நீ சும்மா இரும்மா!" இளமதி கத்திய கத்தலில் கலைந்துகொண்டிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். "ரெண்டு பேரும் சேந்து என்னை ஏமாத்திட்டீங்க. ஏழு வருஷமா! அங்க கேம்ப்புல ஒவ்வொருத்தியும் புடிச்சித் தள்றப்ப மண்ணு மேல பழி போட்டேன் நான்." அக்காவின் பக்கம் திரும்பினாள். "எனக்கு நீ பிச்ச போட்டியா?"

"தப்புதான்," என்றாள் வினோதினி. "வுட்டதுதான் தப்பு. இன்னிக்குப் புடிச்சதுக்கு சாரி சொல்ல மாட்டேன்."

இளமதி அவளை முறைத்தாள். மூக்கைப் புறங்கையால் துடைத்தாள். பிறகு எழுந்து நடுக்கோட்டுக்குப் போய் நின்றாள்.

"வா. மறுபடியும் புடி."

பிடித்தாள். இளமதி மறுபடியும் பாடி வந்தாள், வினோதினி மறுபடியும் பிடித்தாள். மற்ற பெண்கள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். மேடம் வாசலிலிருந்து ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார். ஐந்தாவது தடவை இளமதியின் முட்டி கிழிந்து ரத்தம் கசிந்தது. ஆறாவது தடவை வினோதினியின் தாடையில் உதை விழுந்தது. இடது கால் இப்போது முன்போலச் சும்மா நீண்டு கிடக்கவில்லை. முறுக்கியது, உதறியது, மண்ணை வாரி இறைத்தது.

"ஐயோ, பஸ்ஸு போயிடும்! அவள வுடுடி, ரத்தம் வருது!" என்று கோட்டுக்கு வெளியே நின்று மாலதி அலறினாள்.

மண்ணில் முகம் புதைந்து கிடந்த இளமதி தலையைத் தூக்கினாள்.

"வுடாதக்கா! நானே உருவிக்கினு வரேன்!"

வினோதினி இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.