ஏழு வயது இளைய எலும்பு

பெயிண்டர் விழுந்தது ஏணியின் இரண்டாவது படியிலிருந்துதான். தெருமுனைக்குச் செய்தி போவதற்குள் அது இரண்டாவது மாடியாகிவிட்டது. பெயிண்டரும் மறுக்கவில்லை, விழுந்தவனுக்கும் ஒரு கௌரவம் வேண்டாமா? இடது தோளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, பெண்டாட்டி பின்தொடர எலும்பு டாக்டரம்மாவின் அறைக்குள் நுழைந்தபோது, முறிவு ஒன்றைத் தவிர வேறெதற்கும் பயப்பட வேண்டியதில்லை என்றுதான் நினைத்திருந்தார்.

டாக்டரம்மா எக்ஸ்ரேயை வெளிச்சப் பெட்டியில் செருகிப் பார்த்தார். "முறியலை."

பெயிண்டர் எழுந்தே விட்டார்.

"உட்காருங்க. முறியலை, ஆனா இங்க ஒரு ஓட்டை இருக்கு."

தோளுக்குச் சற்றுக் கீழே, கை எலும்பின் தலைமாட்டில், கருப்பாக ஒன்று தெரிந்தது. நெல்லிக்காய் அளவுதான் இருக்கும். பெயிண்டரின் கண்ணுக்கு அது லாரி போகும் சுரங்கப் பாதையாகத் தெரிந்தது. 

"தூக்கத்துல வலிச்சு முழிப்பு வருதா?"

"இல்ல டாக்டர்."

"உடம்பு இளைச்சிருக்கா?"

"அவரு எங்க இளைக்கிறாரு," என்றாள் பெண்டாட்டி. "சட்டைதான் வருஷா வருஷம் இளைக்குது."

"வயசு என்ன?"

"முப்பத்தொன்பது," என்றார் பெயிண்டர். யோசிக்கவே இல்லை. பழகிய பொய்க்கு யோசனை எதற்கு?

கல்யாணப் பேச்சு நடந்த காலத்தில், முப்பதைத் தாண்டிய மாப்பிள்ளை வாசல்படி ஏறக்கூடாது என்று மாமனார் கறாராகச் சொல்லியிருந்தார். பெயிண்டர் தயங்கவில்லை. பழைய சுண்ணாம்பைச் சுரண்டுவதுபோல ஏழு வயதைச் சுரண்டி எறிந்துவிட்டுப் போய் நின்றார். அன்றிலிருந்து தலைக்கும் மீசைக்கும் அடித்த சாயத்தில் ஒரு பள்ளிக்கூடத்துச் சுவர் முழுக்க அடித்திருக்கலாம். அந்தக் கணக்கில் பெண்டாட்டி அவரைவிட ஒரு வயது மூத்தவளாகிப் போனாள். அதை அவர் வீணாக்கவில்லை. வீட்டில் எந்தச் சண்டை வந்தாலும், "பெரியவங்க நீங்க, நீங்க சொன்னா சரிதான்" என்று கும்பிடு போடுவார். அவள் வாய் அடைத்துப் போகும்.

டாக்டரம்மா பேனா முனையால் படத்தைத் தொட்டுக் காட்டினார். "ஓரத்தைப் பாருங்க. பென்சில்ல கோடு போட்ட மாதிரி சுத்தமா இருக்கு. கெட்டதா இருந்தா ஓரம் இப்படி நிக்காது, செல்லரிச்ச காகிதம் மாதிரி இருக்கும். சிலதுல எலும்புக்கு மேல வெங்காயத் தோல் மாதிரி அடுக்கடுக்கா கிளம்பியிருக்கும். உங்களுக்கு அதெல்லாம் இல்ல. சின்ன வயசுல வந்து தங்கிட்ட நீர்க்கட்டியா இருக்கும். மூணு மாசம் கழிச்சு இன்னொரு படம் எடுப்போம்."

போன உயிர் திரும்பி வந்து மார்பில் சம்மணமிட்டு உட்கார்ந்தது. டாக்டரம்மா பேனாவை மூடிக்கொண்டே, பேச்சுவாக்கில் சொன்னார்: "முப்பத்தொன்பதுங்கிறதால இவ்வளவு லேசா சொல்றேன். நாற்பதைத் தாண்டினவங்களுக்கு எலும்புல ஓட்டைன்னா நாங்க முதல்ல நல்லதை நினைக்க மாட்டோம். வேற எங்கயோ இருக்கிற வியாதி இங்க குடிவந்திருக்கான்னு தேடிட்டுத்தான் மறுபேச்சு."

உட்கார்ந்த உயிர் மறுபடி எழுந்து கதவுப் பக்கம் போனது.  பொய்யைக் காப்பாற்றினால் ஓட்டை என்னவென்று தெரியாது. உண்மையைச் சொன்னால் பின்னால் நிற்பவளிடம் தப்ப முடியாது. பெண்டாட்டியின் பக்கம் திரும்பினார்.

"நீ போய் மாத்திரை வாங்கிட்டு வந்துடேன்."

"அவங்க மாத்திரையே எழுதலையே."

"அப்ப தண்ணி."

"பையிலயே இருக்கு. இந்தாங்க."

"வெளிய கொஞ்சம் காத்து வாங்கேன்."

"எனக்கு என்ன? உங்களுக்குத்தான் மூஞ்சி வெளுத்துப் போச்சு."

பெயிண்டர் தரையைப் பார்த்தார். "நாற்பத்தாறு," என்றார், தரையிடம் சொல்வதுபோல.

"என்ன நாற்பத்தாறு?" என்றார் டாக்டரம்மா.

"என் வயசு, டாக்டர்."

மூடிய பேனா திறந்தது. அந்தச் சின்ன ஓசை பெயிண்டருக்கு இடிபோலக் கேட்டது. பெண்டாட்டி விரல்விட்டு எண்ணினாள். பிறகு, கணக்கு தவறிப்போனவளாகக் கேட்டாள்: "அப்ப என் வயசு?"

"உன் வயசு அப்படியேதான் இருக்கு."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. ரத்தப் பரிசோதனை, உடம்பு முழுக்க ஸ்கேன், தேவைப்பட்டால் ஊசி விட்டு எலும்பிலிருந்து துளி எடுப்பது என்று மளமளவென்று எழுதினார். எழுதிக்கொண்டே, "முன்னாடி எப்பவாவது நெஞ்சுக்கு எக்ஸ்ரே எடுத்திருக்கீங்களா? தோள் ஓரம் அதுல விழுந்திருக்கும். இதே ஓட்டை இதே அளவுல அப்பவே இருந்திருந்தா, அதைவிடப் பெரிய சாட்சி கிடையாது," என்றார்.

"கல்யாணத்துக்கு முன்னாடி ரொம்ப நாள் இருமலுக்கு எடுத்தது, டாக்டர். இருக்கு. ஆனா..." பெயிண்டர் தலையைச் சொறிந்தார். "அதுல பூ வெட்டிட்டேன்."

சுவரில் பூக்கரை இழுக்க எக்ஸ்ரே தகட்டைவிட நல்ல ஸ்டென்சில் உலகத்தில் கிடையாது. பூ வடிவத்தில் வெட்டிச் சுவரில் வைத்துச் சாயத்தை ஒற்றினால் போதும். மற்ற பெயிண்டர்கள் முதலில் தகட்டின் கருப்பைக் கழுவிவிடுவார்கள். இவர் சோம்பேறி, கழுவாமலே வெட்டியிருந்தார்.

வீட்டில் பெண்டாட்டி அவர் முகத்தையே பார்க்கவில்லை. ஆனால் சாமான் அறையைத் தலைகீழாக்கியது அவள்தான். டப்பாக்களுக்கு அடியிலிருந்து தகடு வந்தபோது அதன்மேல் நாலைந்து நிறம் தோலாகப் படிந்திருந்தது. தின்னரில் துணியை நனைத்து அவள் துடைக்க, பெயிண்டர் நல்ல கையால் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டார்.  நிறம் விலக விலக விலா எலும்பு ஒன்று வெளியே வந்தது, அப்புறம் இன்னொன்று. தோளோரத்தில் ஓட்டை இல்லாவிட்டால், அது அப்புறம் வந்தது. அப்புறம் வந்ததென்றால், இன்னும் வளரும். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.

"துடைச்சாச்சு. கண்ணைத் திறங்க."

"நீயே பார்த்துச் சொல்லு."

அவள் தகட்டை ஜன்னல் பக்கம் தூக்கினாள்.  இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். "எது ஓட்டை, எது நீங்க வெட்டின பூன்னு எனக்குத் தெரியலைங்க."

மறுநாள் டாக்டரம்மாவின் வெளிச்சப் பெட்டியில் பெயிண்டரின் நெஞ்சு தோட்டமாகப் பூத்தது. அப்படியொரு நெஞ்சை வைத்திய உலகம் அதற்குமுன் கண்டதில்லை. டாக்டரம்மா பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு குனிந்தார்.

"இது நீங்க வெட்டினது. இதுவும் நீங்க வெட்டினது. இந்த இலையும்." விரல் இடது தோளின் ஓரத்தில் நின்றது. "இது நீங்க வெட்டினதில்ல."

ஸ்கேலை எடுத்துப் பழைய படத்தில் அளந்தார், புதிய படத்தில் அளந்தார். மறுபடியும் அளந்தார். 

"அதே ஓரம், அதே அளவு. இத்தனை வருஷத்துல இம்மிகூட வளரலை. ரத்தமும் ஸ்கேனும் எழுதினது எழுதினதுதான், பார்த்துடுவோம். ஆனா நான் பயந்தது இது இல்ல."

வராந்தா பெஞ்சுவரை பெயிண்டர் நேராகத்தான் நடந்தார்.  உட்கார்ந்ததும் முகத்தை மூடிக்கொண்டு விசும்பினார். பக்கத்தில் முறை வரக் காத்திருந்த ஒரு அம்மா, பெண்டாட்டியின் கையைத் தொட்டாள்.

"தைரியமா இரும்மா. நீயும் உடைஞ்சிட்டா யாரு பார்த்துக்கிறது?"

"இல்லைங்க, நல்ல சேதிதான் சொல்லியிருக்காங்க."

"அப்புறம் ஏன் இப்படி அழுவுறாரு?"

"வீட்டுக்குப் போகணும்ல," என்றாள் பெண்டாட்டி. இருவருக்கும் நடுவில் வைத்திருந்த பையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு அவர் பக்கம் நெருங்கி உட்கார்ந்தாள். முகத்தை மட்டும் அவரிடம் காட்டவில்லை. "அழுங்க. நிதானமா அழுது முடிங்க. நான் எங்கயும் போகலை."