தளர்த்தியாச்சு

அழுக்குத் துண்டில் சுற்றி ஸ்டாவ்ரோஸ் கொண்டுவந்தது என்னவென்று, பிரிப்பதற்கு முன்பே நெரிடாவுக்குத் தெரிந்துவிட்டது. சிப்பி எடுக்க முங்குகிறவன் அவன். எப்போது வந்தாலும் நேராக அடுக்களைக்குள் வந்து டீ போடக் கெட்டிலைத் தட்டிவிடுகிற ஆள், இன்றைக்கு வாசற்படியைத் தாண்டாமல் நின்றான்.

"தட்டைப்பாறைக்கு அடியில, பாசிக்குள்ள மாட்டிக் கிடந்துச்சு. தூண்டில் கம்பு முறிஞ்சுபோச்சு. அடிக்கட்டையும் ரீலும்தான் மிச்சம். வேணாம்னா சொல்லு நெரிடா, எடுத்த எடத்துலயே போட்டுடறேன்."

"மேசை மேல வெச்சுட்டுப் போ."

அவள் புருஷன் லிண்ட்சேயின் தூண்டில் ரீல்தான். கைப்பிடியின் திருகு தொலைந்துபோய், அவள் தன் பழைய தையல் மெஷினிலிருந்து ஒரு பித்தளைத் திருகைக் கழற்றிப் போட்டிருந்தாள். சிப்பியும் உப்பும் மூடிய அந்தக் கட்டிக்குள் அது மட்டும் பச்சை பூத்துத் தெரிந்தது.

அந்த வீட்டில் மீன் பிடிப்பது அவன், ரீல் கழுவுவது அவள். கோதுமை லாரி ஓட்டுகிறவனின் கைக்கு அந்தக் குண்டூசித் தலை திருகெல்லாம் எங்கே அகப்படும்? முதல் வருஷமே ஒரு ஸ்பிரிங்கைத் தெறிக்கவிட்டு, அது ஆட்டுக்கறிக் குழம்பில் கிடந்து அகப்பட்டது. அதோடு அவள் பிடுங்கிக்கொண்டாள். அவனுக்கு விட்டுவைத்தது ஒரே ஒரு வேலை. கடைசி வீச்சு முடிந்ததும் தூண்டில் நரம்பைச் சுற்றி, நுனியை ரீல் ஓரத்துக் கிளிப்பில் செருகி, டிராக்கைத் தளர்த்திவிட வேண்டும். டிராக் என்பது ரீலின் தலையில் இருக்கிற திருகு. இறுக்கினால் மீன் இழுக்க இழுக்கப் பிடித்து நிற்கும். தளர்த்தினால் குழந்தை இழுத்தாலும் நரம்பு ஓடும். தண்ணீர் உள்ளே இறங்காமலிருக்கக் கழுவும்போது மட்டும் இறுக்கலாம். மீன் பிடிக்காத மற்ற நேரத்தில் இறுகியே கிடந்தால் உள்ளே வாஷரெல்லாம் நசுங்கி ஒட்டிக்கொள்ளும். அவன் மறதிக்காரன். அதனால் அவள் ஏசி ஏசி, கடைசியில் அதுவே ஒரு விளையாட்டாகிவிட்டது. லாரியை நிறுத்திவிட்டு, கேட்டைத் திறக்கும்போதே தெருவுக்கே கேட்கிற மாதிரிக் கத்துவான்:

"தளர்த்தியாச்சு, முதலாளியம்மா!"

"பார்த்தாத்தானே தெரியும் லட்சணம்!" என்பாள் உள்ளேயிருந்து.

போன குளிர்காலத்தில் ஒருநாள் தட்டைப்பாறைக்கு மீன் பிடிக்கப் போனவன் வரவில்லை. கூடப் போன சிநேகிதன் ராய்ஸ் மட்டும் வந்தான், நனைந்து, முழங்கையெல்லாம் கிழிந்து. பெரிய மீன் ஒன்று மாட்டியது, அலை ஏறுகிறது விடு விடு என்று கத்தினேன், கம்பை விடாமல் நின்றான், அலை கொண்டுபோய்விட்டது என்றான். உடல் அகப்படவில்லை. ஊருக்கு அந்தக் கதை பிடித்துப்போயிற்று. பப்பில் அவன் படத்தை மாட்டி, 'விடாதவன்' என்று கீழே பலகை வைத்துவிட்டார்கள். செத்தாலும் இப்படிச் சாகணும் என்று குடித்துவிட்டு அவள் தோளைத் தட்டினார்கள். அவளுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. ஒரு மீனுக்காகவா? பாறையைப் பிடிக்க வேண்டிய கையால் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாயா, பாவி? நான் பெரிதா, அது பெரிதா? இந்தக் கேள்வி பத்து மாதமாக அவள் நெஞ்சில் முள்ளாகத் தைத்திருந்தது. வாய்விட்டு அழ விடாமல் அதுதான் தடுத்தது.

அதைவிட மோசம், அந்தி நேரம். கேட் கிரீச்சிடும். யாரும் இருக்கமாட்டார்கள். "தளர்த்தியாச்சு, முதலாளியம்மா!" அவன் குரல்தான், மூக்கடைப்போடு, சிரிப்போடு. முதல் தடவை கையிலிருந்த தட்டைப் போட்டு உடைத்தாள். பிறகு பழகிவிட்டது. "பொய்!" என்று அடுப்பைப் பார்த்தபடியே பதில் சொல்வாள். "இறுக்கிப் புடிச்சுக்கிட்டுத்தானே செத்தே. என்கிட்டயே பொய்யா?"

சனிக்கிழமை ரீலை வினிகர் கலந்த வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறப்போட்டாள். எதற்கு என்று அவளுக்கே தெரியாது. உப்பு பட்ட ரீலைச் சும்மா வைக்கக் கை வராது, அவ்வளவுதான். மாலையில் எடுத்துப் பழைய பல் பிரஷால் தேய்த்தாள். சிப்பி உதிர்ந்தது. வெள்ளையாக வெள்ளையாக உப்பு கரைந்து ஓடியது. டிராக் திருகு உப்போடு சேர்ந்து உறைந்து, கல் மாதிரி அசையாமல் இருந்தது. எண்ணெய் விட்டுக் காத்திருந்தாள். அப்போதுதான் அந்தத் திருகு நிற்கிற உயரத்தைப் பார்த்தாள்.

மேலே தூக்கி நின்றது. இன்னும் ஒரு சுற்று திருகினால் கழன்று கையோடு வந்துவிடும் போல. அவசரமாகப் பாசியை வழித்தாள். நரம்பு வரிசையாகச் சுற்றியிருந்தது. நுனி கிளிப்பில் செருகியிருந்தது.

அவள் பிரஷைக் கீழே வைத்தாள். கிளிப்பில் செருகிய நரம்பில் எந்த மீனும் மாட்டாது. இவ்வளவு தளர்ந்த டிராக்கில் நெத்திலியைக்கூட நிறுத்த முடியாது. அப்படியானால் அலை வருவதற்கு முன்பே அவன் மூட்டை கட்டிவிட்டான். வீட்டுக்குக் கிளம்பிவிட்டான்.

வாசலில் கேட் கிரீச்சிட்டது. "தளர்த்தியாச்சு, முதலாளியம்மா!" அன்றைக்கு அவள் வாசலைத் திரும்பிப் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் ராய்ஸ் வருவான். லிண்ட்சே போனதிலிருந்து அவள் வீட்டுப் புல்லை அவன்தான் வெட்டுகிறான், பிறகு உட்கார்ந்து ரோஸ்ட் கறி சாப்பிடுகிறான். அன்றும் பாதிப் புல்லை வெட்டிவிட்டு, வியர்வையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தான்.

"என்னோட ரீல் ரெண்டும் மறுபடி மக்கர் பண்ணுது நெரிடா. தண்ணிய நல்லா பீய்ச்சித்தான் அடிச்சேன்."

"பீய்ச்சி அடிச்சா உப்பு உள்ளதான் போகும்னு உனக்கு எத்தனை தடவை சொல்றது, மரமண்டை? அத விடு. இதைப் பாரு."

மேசை மேல் அதைப் பார்த்ததும் அவன் முகம் செத்துவிட்டது.

"கைப்பிடிய சுத்திப் பாரு ராய்ஸ். நான் இன்னும் திருகைத் தொடல. அவன் வெச்ச மாதிரியே இருக்கு."

அவன் சுற்றவில்லை. நரம்புச் சக்கரத்தை ஒரு விரலால் தொட்டான். பிடியே இல்லாமல் அது ஓடியது. டிக், டிக், டிக்.

"பெரிய மீனுன்னு சொன்னியே," என்றாள்.

ராய்ஸ் நாற்காலியில் உட்கார்ந்தான்.

"அவன் எல்லாத்தையும் கட்டிட்டான். அலை ஏறுது, வாடா போலாம்னு நாலு தடவை கூப்பிட்டான். ஒரே ஒரு வீச்சுடான்னு நான்தான் பாறையோட கீழ்ப்படிக்கு எறங்கினேன். சறுக்கிட்டேன். தண்ணிக்குள்ள கெடந்தேன் நெரிடா. அவன் குப்புறப் படுத்து, கம்போட அடிக்கட்டைய என் பக்கம் நீட்டினான். இந்த ரீலைத்தான் புடிச்சேன். இழுத்தான். பாறை கைக்கு எட்டினதும் நான் விட்டுட்டேன். அவன் விடல. இன்னும் நான் அந்தப் பக்கம் தொங்கறேன்னு நெனச்சிருப்பான். அடுத்த அலை வந்துச்சு."

மேசையைப் பார்த்தே சொன்னான்.

"பெரிய மீனுன்னு சொன்னேன்ல. அது நான்தான்."

நெரிடாவுக்கு அவனை அறைய வேண்டும் போலிருந்தது. பத்து மாதம்! என் மேசையில் உட்கார்ந்து, என் கையால் வாங்கித் தின்றுகொண்டு, செத்தவனை நான் திட்டத் திட்ட அதையும் கேட்டுக்கொண்டு இருந்தாயே! ஆனால் வாயைத் திறந்தபோது வந்தது அழுகை. மாட்டின் கதறல் மாதிரி, அவளுக்கே பயமாக இருந்த ஒரு சத்தம். ராய்ஸ் எழுந்து நின்றான், உட்கார்ந்தான், மறுபடி எழுந்தான்.

"போயிடு," என்றாள் கடைசியில். "இன்னிக்குப் போயிடு."

அவன் போனான். புல்வெட்டி பாதித் தோட்டத்தில் அப்படியே நின்றது.

அதன் பிறகு அவள் ரீலின் உடம்பைப் பிரித்தாள். பேரிங்கை மண்ணெண்ணெயில் அலசினாள், கிரீஸ் வைத்தாள், திரும்பப் பூட்டினாள். டிராக் திருகை மட்டும் தொடவில்லை. மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியில் போய் உட்கார்ந்தாள். லிண்ட்சேயின் குரலுக்கு என்ன பதில் சொல்வது என்று யோசித்து வைத்திருந்தாள்: பார்த்தேன்டா, தளர்த்தித்தான் வெச்சிருந்தே.

அந்தி வந்தது. கடற்காற்று வந்தது. கேட் கிரீச்சிட்டது.

அவள் தலையை நிமிர்த்திக் காத்திருந்தாள். திறந்த கேட்டுக்கு அப்பால் ஒரு நாய் போயிற்று. தெருவிளக்கு எரிந்தது. குரல் வரவில்லை. இன்னும் கொஞ்சம் காத்திருந்தாள். பிறகு சக்கரத்தை ஒரு விரலால் தள்ளினாள். அது டிக், டிக் என்று ஓடி நின்றது. மறுபடி தள்ளினாள்.