லாட்ஜுக்குப் பின்னால் மலை

இரண்டு மாடிதான் கட்டுவேன் என்று கலையரசன் சத்தியம் செய்தான். பக்கத்து வீட்டுக்காரன், நம் வீட்டில் சாப்பிட்டு வளர்ந்தவன் என்று என் மாமியார் கஸ்தூரி நம்பினார். அவனோ ஐந்து மாடி லாட்ஜை எழுப்பி எங்கள் மலையை விழுங்கிவிட்டான்.

கார்த்திகை தீபத்தன்று மலையுச்சியில் ஜோதி தெரிந்த பிறகுதான் வீட்டில் விளக்கேற்றுவோம். அதற்குப் பிறகுதான் மாமியார் விரதம் முடிப்பார். தெருவில் இறங்கிப் பார்க்கலாமென்றால் நெரிசல், அவருக்கோ முட்டிவலி. சர்க்கரை வேறு. சாயங்காலம் மொட்டைமாடி நாற்காலியில் பட்டினியோடு உட்கார்ந்திருந்தார். எனக்குக் கலையரசன்மேல் பற்றிக்கொண்டு வந்தது.

அப்போது லாட்ஜின் ஓரமாகப் பனிமூட்டம் மஞ்சளாகப் பளிச்சிட்டது.

"அத்தை, அதோ! ஏத்திட்டாங்க!"

"மலையே தெரியலையேம்மா?"

வெடித்த நட்சத்திரங்களின் ஒளி எதிரொலியை ஆராய்வதுதான் என் வேலை. அந்தத் திமிரில் சொன்னேன்: "நட்சத்திரம் வெடிச்சா, கொஞ்சம் வெளிச்சம் நேரா வந்துடும். கொஞ்சம் சுத்தியிருக்கிற தூசியில பட்டு, வருஷக்கணக்கா லேட்டா வரும். வெடிச்சப்போ பாக்காதவங்க அதுல பாத்துக்கலாம். ரெண்டும் ஒரே வெளிச்சந்தான். இதுவும் அப்படித்தான் அத்தை, தீபத்து வெளிச்சம் பனியில பட்டு வருது."

"படிச்சவ நீ சொன்னா சரிதான்." விளக்கேற்றிக் கும்பிட்டுப் பொரி உருண்டையைக் கடித்தார்.

அதை விழுங்குவதற்குள் ஊரே "அரோகரா!" என்று அதிர்ந்தது. வாணங்கள் சீறின. தீபம் இப்போதுதான் ஏற்றியிருக்கிறார்கள். நாங்கள் கும்பிட்டது கலையரசன் தன் விருந்தாளிகளுக்காகப் போட்ட ஃபோகஸ் லைட்டை.

வானத்தில் தூசி ஒளிர்ந்தால், அந்த ஒளியை நிறம் நிறமாகப் பிரித்து, அது அந்த நட்சத்திரத்தினுடையதுதானா என்று பார்க்காமல் நான் வாயே திறப்பதில்லை. வீட்டில் திறந்துவிட்டேன். என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. அதற்கு முன்னால் அவனை.

மாமியார் வாயிலிருந்ததைத் துப்பினார். "என்னைத் தூக்கி விடு, அருணா."

லாட்ஜ் வாசலில் கலையரசன் கையை விரித்து மறித்தான். "மாடி ஃபுல்லும்மா. கெஸ்ட்டுங்க கோச்சுப்பாங்க."

"என் மலைய மறைச்சப்போ நான் கோச்சுப்பேன்னு தோணலையாடா? லிஃப்ட் எங்க?"

அவனைத் தள்ளிவிட்டு உள்ளே போனார். மேலே செல்போன் தூக்கி நின்றவர்களையும் விலக்கிக்கொண்டு கைப்பிடிச் சுவரைப் பிடித்தார். ஜோதி எரிந்துகொண்டிருந்தது. கும்பிட்டார், கண்ணீர் வழிந்தது, கோபம் மட்டும் இறங்கவில்லை. நான் கையோடு எடுத்து வந்த உருண்டையைப் பிடுங்கித் தின்றுகொண்டே, பின்னால் மூச்சிரைக்க வந்து நின்ற கலையரசனைப் பார்த்தார்.

"தீபம் எரியற பதினோரு நாளும் வருவேன்டா. கதவத் தொறந்து வை."