முழு வேகம் பின்னால்

கப்பல் இன்ஜினியரின் வீடு நாளுக்கு ஒரு விரற்கடை பின்னால் நகர்ந்தது. நகராட்சி ஆள் வந்து டேப் பிடித்துப் பார்த்து, வீடு சொந்த மனைக்குள்தான் நகர்கிறது என்று சொல்லிவிட்டதால் தெருவில் யாரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை. நடை கூடிப்போச்சு என்று தபால்காரர் மட்டும் முணுமுணுத்தார்.

காரணம் சமையலறைச் சுவரில் இருந்தது. இன்ஜினியர் ஓய்வு பெற்ற வாரம், பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே, ஓதம் பூப்பதுபோல ஒரு பித்தளை வட்டம் வெளியே வந்தது. பழைய கப்பல்களின் இன்ஜின் ரூமில் டெலிகிராஃப் என்று ஒன்று இருக்குமே, அதேதான். மேல்தளத்தில் கேப்டன் தன் கைப்பிடியைத் திருப்பினால், குழாய்க்குள் ஓடும் சங்கிலி இழுத்து, கீழே உள்ள முள் 'முன்னால்', 'நில்', 'பின்னால்' என்று காட்டும், மணி அடிக்கும். கீழே இருப்பவர் தன் கைப்பிடியையும் அதே இடத்துக்குக் கொண்டுபோனால்தான் மணி ஓயும், மேலே பதில் முள் நகரும். கேட்டுக்கொண்டேன் என்று அதற்கு அர்த்தம். செய்துவிட்டேன் என்று இல்லை. ஆவியைத் திறந்து இன்ஜினை ஓட்டுவது தனி வேலை. இன்ஜினியர் மாட்டிக்கொண்டதே இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

சுவருக்குள் சங்கிலி ஏதும் இல்லை, கொத்தனார் உடைத்தே பார்த்தார். ஆனாலும் தினமும் சாப்பாட்டு வேளையில் முள் 'முழு வேகம் பின்னால்' என்று காட்டும். இன்ஜினியர் எச்சில் கையோடு ஓடிப்போய்ப் பதில் சொல்வார். வீடு பின்னால் போகும்.

இதே கட்டளை அவருக்கு இளவயதில் ஒரு துறைமுகத்தில் வந்தது. கொடுத்தவர் கேப்டன், அவர் மனைவியின் அண்ணன். இன்ஜினியர் பதிலைச் சரியாகத்தான் சொன்னார். பதற்றத்தில் பின்னால் போக ஆவி திறக்கிற சக்கரத்தை விட்டு, முன்னால் போகத் திறக்கிற சக்கரத்தைத் திருகிவிட்டார். கப்பல் துறைமேடையை முட்டியது. கயிறு பிடிக்க நின்ற தொழிலாளிக்கு ஒரு கால் போனது. விசாரணையில், 'முன்னால்' என்றுதான் கட்டளை வந்தது என்று இன்ஜினியர் கூசாமல் சொன்னார். கேப்டன் வாயே திறக்கவில்லை. வேலை போய், ஒரு பெட்டியோடு தங்கையின், அதாவது இன்ஜினியரின் வீட்டு மாடியறைக்கு வந்து சேர்ந்தார்.

தங்கை இடம் கொடுத்தாளே தவிர மன்னிக்கவில்லை. ஒருத்தன் காலை எடுத்துவிட்டு எப்படித்தான் சோறு இறங்குகிறதோ என்று அவர் காதுபடவே சொல்வாள். புருஷனுக்குச் சுடச்சுட விழும். அண்ணனுக்கு ஆறிப்போனதை மாடிப்படியில் வைத்துவிட்டு, முகம் பார்க்காமல் இறங்கிவிடுவாள். இன்ஜினியர் பிசைந்த சோற்றையே மறுபடி பிசைவார். இருந்தும் சாப்பிட்டார், பசி என்று ஒன்று இருக்கிறதே. இப்படியே இன்ஜினியரின் மகள் வளர்ந்து, கல்யாணமாகி, வேறு ஊருக்கும் போய்விட்டாள்.

பிறகு தங்கை, அண்ணனை ஒரு முதியோர் விடுதியில் சேர்த்துவிடலாம் என்று முடிவெடுத்தாள். சொன்ன நாளில் கேப்டன் மறுபேச்சில்லாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கீழே வந்தார். சாப்பாட்டு வேளை. மணி அடித்தது. இன்ஜினியர் எழுந்தார், ஆனால் சுவர்ப்பக்கம் போகவில்லை.

"மச்சான், அன்னிக்கு நீங்க பின்னாலன்னுதான் சொன்னீங்க. நான்தான் மாத்தித் திருகிட்டேன். பொய்யும் சொன்னேன்."

கேப்டன் பெட்டியைக் கீழே வைத்தார். "தெரியும் மாப்ளே. பதில் முள்ளு சரியாத்தான் வந்துச்சு. கப்பல்தான் வேற பக்கம் போச்சு."

தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்று தங்கை கேட்டாள். குரல் அவளுடையதாகவே இல்லை.

"சொன்னா இவர் வேலை போயிருக்கும். எனக்குன்னு யாரும்மா இருந்தா? நீ கைக்குழந்தையோட இருந்த."

மணி அடித்துக்கொண்டே இருந்தது. இன்ஜினியர் நகரப் பார்த்தார். அவள் கையை நீட்டித் தடுத்துவிட்டுத் தானே போய்க் கைப்பிடியைத் தள்ளினாள். மணி ஓய்ந்தது, வீடு நகர்ந்தது. கேப்டன் பெட்டியை மறுபடி மாடிக்குக் கொண்டுபோனார்.

அன்றிலிருந்து அண்ணன் முதலில் சாப்பிடுகிறார், மணிக்கு அவள் பதில் சொல்கிறாள். புருஷனைக் கைப்பிடியின் கிட்டேயே விடுவதில்லை.